கென்னல் காஃப் தடுப்பு மருந்து: ஆறு மாதத்துக்கு ஒருமுறையா, ஆண்டுக்கு ஒருமுறையா?

எங்கள் நாயின் தடுப்பூசி அட்டையில் மற்ற வரிகளெல்லாம் தகராறில்லாமல் நிரம்பிவிடும். கென்னல் காஃப், அதாவது நாய்களுக்கு வரும் தொற்று இருமல், அந்த வரி மட்டும்தான் இழுபறி. நாங்கள் வெளியூர் போகும்போது அவளை விட்டுச்செல்லும் காப்பகம், ஆறு மாதத்துக்குள் போட்ட சான்று வேண்டும் என்றது. மருத்துவர், ஆண்டுக்கு ஒன்று தாராளம் என்றார். பல வருடங்களாக நாய் வளர்க்கும் நண்பர் ஒருவர், காப்பகத்தில் விடுவதாக இருந்தால் மட்டும் போடுங்கள், மற்ற நேரத்தில் எதற்கு என்றார். மூவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் ஆண்டுக்கு ஒன்று என்று முடிவு செய்தோம். ஆனால் தேதியை நாங்கள் தேர்ந்தெடுப்போம் என்ற நிபந்தனையோடு.

நோயைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வறண்ட, உரத்த இருமல். இருமி முடித்ததும் தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல ஓங்கரித்துக் கொஞ்சம் வெள்ளை நுரையைக் கக்கும். பெரும்பாலான நாய்களுக்கு ஒன்று முதல் மூன்று வாரங்களில் தானே சரியாகிவிடும். குட்டிகள், வயதான நாய்கள், பக் போன்ற சப்பை மூக்கு இனங்கள் ஆகியவற்றில்தான் நிமோனியா வரை போகும் அபாயம் உண்டு. போர்டெட்டெல்லா பிராங்கிசெப்டிகா என்ற பாக்டீரியா, பாராஇன்ஃப்ளூயன்ஸா வைரஸ், அடினோவைரஸ் 2, மைக்கோபிளாஸ்மா, நாய்களுக்கான சுவாசக் கொரோனா வைரஸ் எனப் பல கிருமிகள் தனியாகவோ கூட்டாகவோ இதை உண்டாக்குகின்றன. எங்கள் நாய்க்குப் போடுவது மூக்கில் விடும் தடுப்பு மருந்து. அது இவற்றில் பொதுவாக முதல் இரண்டுக்கு எதிரானது. சில தயாரிப்புகளில் அடினோவைரஸும் சேர்ந்திருக்கும். மருந்து போட்ட நாயும் இருமுவதற்கு இது முக்கியக் காரணம். மேலும், இந்த மருந்து நோயின் கடுமையைக் குறைக்கும். அறவே வராமல் தடுக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

முதலில் ஆறு மாதக் கணக்கு. இதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் காப்பகங்களின் எச்சரிக்கை உணர்வு. ஒரு நாய் இருமத் தொடங்கினால் கூடம் முழுக்கப் பரவும். ஒரு வாரத் தொழில் போய்விடும். அவர்கள் கோணத்தில் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் மூக்குவழி மருந்துகள் ஓராண்டுப் பாதுகாப்புக்குத்தான் அங்கீகாரம் பெற்றிருக்கின்றன. அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கமும் உலகச் சிறு விலங்குக் கால்நடை மருத்துவச் சங்கமும், ஆபத்து தொடரும் நாய்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை என்றே வழிகாட்டுகின்றன. இன்னொன்று: மருந்தில் இல்லாத கிருமிகளுக்கு எதிராக, அதை இருமடங்கு அடிக்கடி போட்டாலும் பயனில்லை. தினமும் பகல்நேரக் காப்பகத்துக்குப் போகும் நாய், கண்காட்சிகளுக்கு ஊர் ஊராகச் சுற்றும் நாய் என்றால் ஆறு மாதக் கணக்கை நான் எதிர்க்கமாட்டேன். ஊசியாகப் போடும் ஒரு வகையில், முதல் இரண்டு தவணைகளுக்குப் பின் ஏழு மாதப் பாதுகாப்பு மட்டுமே சொல்லப்பட்டிருக்கிறது. அதன் பிறகான பூஸ்டருக்குத்தான் ஓராண்டு. அந்த வகையைப் போட்டவர்களுக்கு முதல் சுற்றில் இடைவெளி குறைவது நியாயமே.

'தேவைப்படும்போது மட்டும்' என்ற வழி சிக்கனமாகத் தோன்றும். வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத, மற்ற நாய்களோடு பழகாத நாய்க்கு இது சரியாகவே இருக்கலாம். எங்கள் நாய் அப்படியல்ல. பூங்காவில் எதிர்ப்படும் எல்லா நாய்களோடும் மூக்கோடு மூக்கு உரசாமல் நகரமாட்டாள். பொதுத் தண்ணீர்க் கிண்ணம் கண்ணில் பட்டால் முகத்தையே உள்ளே விடுவாள். தொற்றுக்குக் காப்பக வாசல் தேவையில்லை. தவிர, அவசரமாகக் கிளம்ப வேண்டிய பயணங்கள் ஒரு வாரம் முன்பே சொல்லிக்கொண்டு வருவதில்லை.

ஆண்டுக் கணக்குக்கு நான் சாய்ந்ததன் காரணம் நோயெதிர்ப்பு எங்கே உருவாகிறது என்பதில் இருக்கிறது. பார்வோ, டிஸ்டெம்பர் போன்றவற்றுக்கு, குட்டிப் பருவத் தவணைகளும் அதன் பின் ஒரு பூஸ்டரும் முடிந்துவிட்டால் மூன்று ஆண்டு இடைவெளி போதும் என்கிறார்கள். அவை உடல் முழுக்கப் பரவும் நோய்கள். இரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருள் அவற்றை மறித்துவிடும், அது நீண்ட காலம் நிலைக்கும். போர்டெட்டெல்லா அப்படி உள்ளே பரவுவதில்லை. மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகளைப் பற்றிக்கொண்டு அங்கேயே குடியிருக்கிறது. அதை எதிர்க்க வேண்டியதும் அந்தச் சவ்வின் மேற்பரப்புதான். மேற்பரப்பில் உண்டாகும் எதிர்ப்பு வேகமாக எழும், வேகமாகவே தேயும். எனவே மூன்று ஆண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. எலிக்காய்ச்சல் தடுப்பூசிக்கும் ஆண்டுதோறும் போகிறவர்கள் என்றால், இதையும் அதே சமயத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் வேகமாக எழுந்து தேய்கிற எதிர்ப்பு என்றால், ஆண்டில் எந்த நாளில் போடுகிறோம் என்பதும் முக்கியமாகிவிடுகிறது. பிறந்தநாளை ஒட்டியோ, குட்டியாக வாங்கி வந்த மாதத்திலோ போட்டுக்கொண்டே இருந்தால், காப்பகத்தில் விடும் காலம் பதினொன்றாவது மாதத்தில் வந்து விழலாம். பாதுகாப்பு மெலிந்திருக்கும் நேரத்தில் நாயை இருபது நாய்களுக்கு நடுவே விடுவதாகிவிடும். நாங்கள் ஆண்டில் நீண்ட பயணம் போகும் காலத்தை வைத்துப் பின்னோக்கி எண்ணினோம். மூக்குவழி மருந்தில் போர்டெட்டெல்லாவுக்கு எதிரான பாதுகாப்பு சுமார் 72 மணி நேரத்தில் தொடங்கிவிடும் என்று மருந்தின் குறிப்புத் தாளே சொல்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் முன்பு போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் அதே தாளின் அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: பாராஇன்ஃப்ளூயன்ஸாவுக்கு மூன்று வாரம். ஆகவே எங்கள் தேதி, பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு.

ஒரு மாத இடைவெளிக்கு வேறொரு நடைமுறைப் பயனும் உண்டு. மூக்கில் விடுவது வலுவிழந்த, ஆனால் உயிருள்ள கிருமி. மருத்துவர் முகவாயைத் தூக்கிப் பிடித்து, ஊசி இல்லாத சிரிஞ்சின் முனையை மூக்குத்துளையில் வைத்து அழுத்தினார். அவள் ஒரு கணம் திகைத்துவிட்டு, பாதி மருந்து அவர் கோட்டிலேயே போய்ச் சேர்ந்ததோ என்று நாங்கள் சந்தேகப்படும்படி தும்மினாள். அதன் பின் சில நாட்கள் லேசான தும்மலும் மூக்கொழுகலும் இருந்தன. சில நாய்களுக்கு இருமலும் வருமாம். இந்த நிலையில் காப்பகத்துக்குக் கொண்டுபோனால், வாசலில் நிற்கும் பணியாளர் இது மருந்தின் தும்மல் என்று எப்படிக் கண்டுகொள்வார்? திருப்பி அனுப்பிவிடுவார், அது சரியும்கூட. மருந்துக் கிருமி சில வாரங்கள் வரை மூக்கிலிருந்து வெளிப்பட்டுக்கொண்டிருக்கும் என்பதால், வீட்டில் நோயெதிர்ப்பு குறைந்தவர் யாராவது இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஊசி வகைகளில் உயிருள்ள கிருமி இல்லை. அப்படிப்பட்ட வீடுகளுக்கு அதுவே பொருத்தம். நாய் ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொண்டிருந்தால் உயிர்க்கிருமி மருந்து வீணாகிவிடும். அதையும் மறைக்கக் கூடாது.

தேதி தவறிப்போனாலும் மூக்குவழியில் பெரிய சிக்கல் இல்லை, ஒரே தவணையில் மறுபடி தொடங்கலாம். ஊசி வகை என்றால் முதன்முறை இரண்டு தவணை, இடையில் சில வாரங்கள். நீண்ட காலம் விட்டுப்போனால் மறுபடி இரண்டும் தேவைப்படக்கூடும். ஆண்டுக் கணக்கைக் கறாராகக் கடைப்பிடிக்கத் தெரியாதவர்களுக்கு மூக்குவழியே தோதானது என்று நான் நினைப்பது இதனால்தான். மூக்குக்கான மருந்தை எக்காரணம் கொண்டும் தோலுக்கடியில் ஏற்றக் கூடாது, சீழ்க்கட்டி முதல் ஈரல் பாதிப்பு வரை போயிருக்கிறது. வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணுபவர்கள் கவனிக்க.

வாயின் கன்னப்பைக்குள் விடும் மருந்தும் இருக்கிறது. மூக்கைத் தொடவிடாத நாய்களுக்கு நல்லது என்கிறார்கள். அந்த வகைத் தயாரிப்புகள் பலவற்றில் பாராஇன்ஃப்ளூயன்ஸாவுக்கு எதிரான பாதுகாப்பு இருக்காது. அதை நான் பயன்படுத்தியதில்லை என்பதால் எந்தப் பக்கமும் பேசமாட்டேன். என் அனுபவமெல்லாம் ஆரோக்கியமான, நடுத்தர வயது நாய் ஒன்றோடுதான். நான்கைந்து நாய்கள் வளர்க்கும் வீட்டுக்கோ, குட்டிகள் ஈனும் இடத்துக்கோ இந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா என்பதை அவர்களின் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

காப்பகத்தின் ஆறு மாத விதியை என்ன செய்தோம்? எந்த மருந்து, எந்தத் தேதியில் போடப்பட்டது, எத்தனை மாதத்துக்குச் செல்லும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். எல்லாக் காப்பகங்களும் இறங்கி வரும் என்று சொல்ல முடியாது. பிடிவாதமாக நின்றால், நல்ல உடல்நிலையில் இருக்கும் நாய்க்கு ஆண்டில் கூடுதலாக ஒரு தவணை போடுவதால் பொதுவாகப் பெரிய கேடு வருவதில்லை; மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போட்டுவிட்டே போகலாம். பயணத்துக்கு முந்தைய வாரத்தில் அந்த விதியைக் கேள்விப்படாதபடி, இடத்தைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவது நல்லது.