186 சமூகங்களா, 4 சமூகங்களா? மானிடவியல் ஒப்பீட்டை எங்கிருந்து கற்பது

பண்பாடுகளை ஒப்பிட்டு மானிடவியல் கற்க மூன்று வழிகள் உண்டு. ஏற்கெனவே எழுதப்பட்ட இனவரைவியல் பதிவுகளை (ஒரு சமூகத்தோடு வாழ்ந்து அதன் வாழ்க்கையை விவரித்தவை) எடுத்து, நூற்றுக்கணக்கான சமூகங்களை எண்களாக்கி அட்டவணை போடலாம். பலவற்றில் ஒத்துப்போகும் இரண்டு சமூகங்களை அருகருகே வைத்து, எந்த இடத்தில் பிரிகின்றன என்று தேடலாம். அல்லது ஒரே கேள்வியை, ஒரே முறையில், பல ஊர்களுக்குக் கொண்டுபோய்ப் புதிதாகத் தரவு எடுக்கலாம்.

தரவும் கணினியும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் பலர் முதல் வழியில் இறங்கிவிடுகிறார்கள். கற்பவருக்கு அது தலைகீழ் வரிசை என்பது எங்கள் கருத்து.

பெரிய மாதிரி

இந்த வழிக்கு வயது அதிகம். 1888இல் மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் சுமார் 350 சமூகங்களைத் தொகுத்து லண்டனில் ஒரு கட்டுரை வாசித்தார். மணமான ஆண் மனைவி வீட்டில் போய் வாழும் வழக்கமும், மாமியார் முகத்தில் விழிக்காமல் ஒதுங்கும் வழக்கமும் சேர்ந்தே வருகின்றன என்று எண்ணிக் காட்டினார். அவையிலிருந்த அறிவியலாளர் பிரான்சிஸ் கால்ட்டன் ஒரு கேள்வி கேட்டார்: இவற்றில் எத்தனை சமூகங்கள் தாமாகவே அந்த வழக்கத்துக்கு வந்தவை, எத்தனை பக்கத்துச் சமூகத்திடம் பெற்றவை அல்லது ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை? ஒரே வேரின் பத்துக் கிளைகளைப் பத்துச் சான்றாக எண்ணலாமா? ‘கால்ட்டன் சிக்கல்’ என்று இன்றும் இதைத்தான் சொல்கிறோம்.

இன்று கையில் இருக்கும் கருவிகள் இவை. 1949இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மனித உறவுப் பகுதிக் கோப்புகள் (HRAF) என்ற இனவரைவியல் நூல் தொகுப்பு ஒவ்வொரு பத்திக்கும் பொருள் எண் இடுகிறது. 754 என்றால் சூனியம், 853 என்றால் குழந்தைக்குப் பாலூட்டல். உறுப்பினராக உள்ள நிறுவனம் வழியாகத்தான் உள்ளே போக முடியும். அதில் 60 சமூகங்கள் கொண்ட நிகழ்தகவு மாதிரி (குலுக்கல் முறையில் தேர்ந்தது) ஒன்று தனியாக உண்டு. மானிடவியலாளர்கள் ஜார்ஜ் மர்டாக்கும் டக்ளஸ் வைட்டும் 1969இல் வெளியிட்ட நிலையான மாதிரியில் 186 சமூகங்கள். ஒவ்வொன்றும் ஒரு காலத்துக்கும் இடத்துக்கும் கட்டுண்டது: பாபிலோனியர் என்றால் கி.மு. 1750ஐ ஒட்டி, ரோமானியர் என்றால் கி.பி. 110. எண்களாகக் குறியிட்டு முடித்த தரவு வேண்டுமென்றால் 2016இல் வந்த டி-பிளேஸ் (D-PLACE) தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

செய்முறை எளிமையாகத்தான் தெரியும். பொருள் எண்ணோடு ஒரு தேடுசொல்லையும் சேர்த்துப் பத்திகளை எடுங்கள். ஒவ்வொரு மாறிக்கும், அதாவது சமூகத்துக்குச் சமூகம் மாறும் பண்புக்கும், மூன்று அல்லது நான்கு படிகள் கொண்ட அளவுகோல் எழுதுங்கள். பத்துச் சமூகங்களில் அதைச் சோதித்துத் திருத்துங்கள். பிறகு கருதுகோள் என்னவென்றே தெரியாத இருவர் பத்திகளை வாசித்து அளவுகோலின்படி தனித்தனியாக எண் இட்டுக் குறியிடட்டும். இருவருக்கும் உள்ள ஒப்புமையைக் கோஹனின் கப்பா அளவில் (தற்செயல் ஒப்புமையைக் கழித்துப் பார்ப்பது; முழு ஒப்புமை என்றால் 1) பாருங்கள். 0.7க்குக் கீழே வந்தால் சராசரி எடுத்துச் சமாளிக்க வேண்டாம். அளவுகோலின் வாசகம் ஓட்டை என்று பொருள், அதை மாற்றி எழுதுங்கள். கடைசியில் வரும் அட்டவணையில் தெரியும் உறவு வெறும் தற்செயலா என்று பார்க்கக் கை-வர்க்கச் சோதனை (chi-square). எதிர்பார்ப்பு எண்ணிக்கை 5க்குக் கீழே போகும் கட்டங்கள் இருந்தால் ஃபிஷரின் துல்லியச் சோதனை.

சிக்கல் புள்ளியியலில் வருவதில்லை, குறியிடும் மேசையில் வருகிறது. ‘இல்லை’ என்பதும் ‘எழுதப்படவில்லை’ என்பதும் வேறு வேறு. ஒரு பாதிரியார் தம் நூலில் சூனியத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை என்றால் அங்கே சூனிய நம்பிக்கை இல்லை என்றாகிவிடாது. அவர் கேட்கவில்லை என்பதாகவும் இருக்கலாம். இது மாணவர் மட்டும் செய்யும் பிழை என்று நினைக்க வேண்டாம். பெரிய சமூகங்கள் உருவான பிறகே ஒழுக்கத்தைக் கண்காணிக்கும் கடவுள்கள் வந்தன என்று செஷாட் என்ற உலக வரலாற்றுத் தரவுத்தொகுப்பை வைத்து 2019இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. தகவல் இல்லாத இடங்களையெல்லாம் ‘கடவுள் இல்லை’ என்று எடுத்துக்கொண்டது தெரியவந்து, 2021இல் அது திரும்பப் பெறப்பட்டது. ஆகவே அளவுகோலில் ‘இல்லை’க்கு 0 கொடுத்தால், ‘தகவல் இல்லை’க்குத் தனியாக ஓர் எழுத்து கொடுங்கள், எண் கொடுத்தால் என்றாவது ஒருநாள் அது கூட்டலில் கலந்துவிடும்.

கால்ட்டன் சிக்கலுக்கு முழு மருந்து இல்லை. மாதிரியைக் கண்டவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்குள்ளும் அதே உறவு நிற்கிறதா என்று பார்ப்பது குறைந்தபட்சம். மொழிக்குடும்ப மரத்தை வைத்து வம்சாவளியைக் கணக்கில் எடுப்பது அடுத்த படி.

நான்கு சமூகங்கள்

1952இல் மானிடவியலாளர் எஸ். எஃப். நாடெல் சூனிய நம்பிக்கை பற்றி வெளியிட்ட ஒப்பீடு இரண்டாம் வழிக்கு நல்ல பாடம். இரண்டு இணைகளை எடுத்தார். நைஜீரியாவின் நூப்பேயும் குவாரியும் முதல் இணை; சுற்றுச்சூழல், உறவுமுறை, மொழி எல்லாம் நெருக்கம். நூப்பேயில் சூனியம் வைப்பவர் எப்போதும் பெண்; குவாரியில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. நாடெல் கண்ட வேறுபாடு கணவன் மனைவி இடையே இருந்தது. நூப்பேயில் வியாபாரம் செய்யும் மனைவியிடம் கணவன் கடன்பட்டுக் கிடந்தான். குவாரியில் அந்த இழுபறி இல்லை.

இரண்டாம் இணை, சூடானின் நூபா மலைகளில் வாழும் கொரொங்கோவும் மெசாக்கினும். இரண்டும் தாய்வழிச் சமூகங்கள். இரண்டிலும் மருமகன் தாய்மாமன் மந்தையிலிருந்து தன் பங்கில் ஒரு மாட்டை முன்கூட்டியே கேட்கலாம். கொரொங்கோ மாமன் கொடுத்துவிடுகிறான். அங்கே சூனிய நம்பிக்கையே இல்லை. மெசாக்கின் மாமன் முதலில் மறுக்கிறான். அதன்பின் மருமகனுக்கு ஏதாவது நேர்ந்தால் மாமன் வைத்த சூனியம் என்கிறார்கள். ஏன் மறுக்க வேண்டும்? கொரொங்கோவில் வயதுப் படிகள் (ஒருவர் வயதுக்கேற்பக் கடக்கும் சமூக நிலைகள்) ஆறு, முதுமை மெல்ல வருகிறது. மெசாக்கினில் மூன்றே படி. உடலில் வலு இருக்கும்போதே ‘நீ கிழவன்’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் வந்து நிற்கும் மருமகன், மாமனுக்கு மாடு கேட்பவனாக மட்டுமா தெரிவான்?

கற்பவர் இதைத் தாமே செய்து பார்க்கலாம். ஒரு பெரிய தாளில் இரண்டு நெடுவரிசைகள்: வாழிடம், வாரிசுமுறை, திருமணம், வயதுப் படிகள், தொழில், வழக்குத் தீர்ப்பு என்று இருபது வரி. ஒவ்வொரு கட்டத்திலும் பக்க எண்ணோடு ஒரு வாக்கியம். ஒத்த வரிகளை அடித்துவிட்டால் மிஞ்சுவது ஐந்தாறு. விளக்கம் அவற்றில்தான் இருக்க வேண்டும். அங்கேதான் பலவீனமும். ஐந்து வேறுபாடு மிஞ்சினால் ஐந்து கதை சொல்லலாம்; ஐந்தும் நம்பும்படியாகவே இருக்கும். நாடெல் இரண்டாம் இணைக்குப் போனதும் அதனால்தான்: ஓர் இணையில் பிடித்ததை வேறோர் இணையில் சோதிக்க வேண்டும்.

இரண்டு சமூகங்களையும் எழுதியவர்கள் வெவ்வேறு ஆட்கள் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மெக்சிகோவின் தெபோஸ்த்லானை 1930இல் எழுதிய ராபர்ட் ரெட்ஃபீல்ட் இணக்கத்தைக் கண்டார். 1951இல் எழுதிய ஆஸ்கர் லூயிஸ் பகையையும் சந்தேகத்தையும் கண்டார். ஊர் ஒன்றுதான்! இப்படிப்பட்ட இரண்டு நூல்களைத் தெரியாமல் இரண்டு நெடுவரிசையில் போட்டால், எழுத்தாளர்களை ஒப்பிட்டுவிட்டுச் சமூகங்களை ஒப்பிட்டதாக நினைத்துக்கொள்வோம்.

ஒரே கருவி, பல ஊர்

இது செலவு மிக்கது. குழு, அனுமதி, ஆண்டுகள் எல்லாம் கேட்கும். 1950களில் மானிடவியலாளர்களான விட்டிங் தம்பதியர் முன்னின்ற ஆறு பண்பாட்டுத் திட்டம் கென்யா முதல் ஒக்கினாவா வரை குழந்தை வளர்ப்பைப் பார்த்தது. குழந்தையின் நடத்தையை ஐந்து நிமிடத் துண்டுகளாகப் பதிவுசெய்தது.

பின்னர் வந்த 15 சிறுசமூக ஆய்வு ‘இறுதி எச்சரிக்கை விளையாட்டை’ எடுத்துக்கொண்டது. ஒருவர் ஒரு தொகையில் பங்கு சொல்வார். மற்றவர் மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. பெருவின் மச்சிகெங்கா சராசரியாக 26 சதவீதம் கொடுத்தார்கள். திமிங்கில வேட்டையாடும் இந்தோனேசியாவின் லாமலேரா மக்கள் பாதிக்கும் மேலே. பப்புவா நியூ கினியின் ஆவ், நாவ் மக்களிடையே பாதிக்கும் மேற்பட்ட பங்கைக்கூட மறுத்தவர்கள் உண்டு. பெரிய கொடையை வாங்கினால் கடனாளியாக வேண்டும் என்பது அங்கே வழக்கம். கருவி ஒன்றுதான், ஆனால் அங்கே அது வேறு விளையாட்டாகிவிட்டது.

கற்பவர் இதிலிருந்து இரண்டு பழக்கங்களை எடுத்துக்கொண்டால் போதும். கேள்வியை ஒருவர் மொழிபெயர்த்தால், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப மூலமொழிக்குக் கொண்டுவரட்டும். விலகும் இடத்தில் சொல்லை மாற்றுங்கள். அதோடு, நடத்தையைப் பார்க்கும்போது ‘கோபப்பட்டாள்’ என்று எழுதாமல் ‘கையைத் தட்டிவிட்டாள்’ என்று எழுதுங்கள். கோபம் என்பது ஒப்பிடும் மேசையில் பிறகு முடிவாக வேண்டியது.

எங்கள் வரிசை இது: முதலில் ஓர் இணையை முழுதாகப் படித்து நெடுவரிசை போடுங்கள். அங்கே பிடித்த விளக்கத்தை 60 சமூக மாதிரியில் சோதியுங்கள். களத்துக்குப் போய்ப் புதிதாகத் தரவு எடுப்பது கடைசியில். மாதிரியில் உறவு தெரிந்தால் அதோடு நிறுத்தாமல், அந்த உறவுக்கு ஒத்துவராத சமூகங்களின் பத்திகளைத் திறந்து மறுபடி வாசியுங்கள். சில, குறியிட்டவர் அவசரத்தில் போட்ட 0 ஆக இருக்கும். மிச்சத்தில் ஒன்றைத் தேர்ந்து, உறவுக்கு ஒத்துவரும் அண்டைச் சமூகம் ஒன்றோடு சேர்த்தால் அடுத்த இணை தயார்.