இராமேசுவரம் 22 தீர்த்த நீராடல்: 25 ரூபாய்ச் சீட்டுக்கு என்ன கிடைக்கிறது?

ராமநாதசுவாமி கோயிலுக்குள் 22 தீர்த்தத்திலும் தண்ணீர் இறைத்து ஊற்ற ஆளுக்கு 25 ரூபாய் என்பது பல ஆண்டாக இருந்துவரும் கட்டணம். போகும் அன்றைக்குச் சீட்டில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதைக் கொடுத்தால் போதும். அந்தப் பணத்துக்கு இது நிறைவான சேவை. ஆனால் எந்த நாளில், எந்த நேரத்தில், என்ன உடுத்திப் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் தலை நனைய நீராடுகிறோமா, நாலு துளி பட்டுத் திரும்புகிறோமா என்பது அமையும்.

முதலில் கடல். கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே, நடக்கும் தூரத்தில் அக்னி தீர்த்தம். சீதையைத் தீண்டிய பாவம் தீர அக்னி பகவான் நீராடிய இடம் என்பது ஐதீகம். இங்கே கடல் பெரும்பாலும் குளம்போல அடங்கிக் கிடக்கும். இடுப்பளவு ஆழத்தில் நின்று மூன்று முழுக்குப் போடலாம். பயப்பட வேண்டியது அலைக்கு இல்லை, காலடிக்கு. தோஷம் கழியும் என்று உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். சேலையும் வேட்டியும் மணலில் பாதி புதைந்து கணுக்காலில் சுற்றிக்கொள்கின்றன. வயதானவர்கள் விழுவது அநேகமாக இதில்தான். காலைத் தூக்கி வைக்காமல், மணலைத் தேய்த்தபடியே நகருங்கள். துணியைக் கழித்தே ஆக வேண்டும் என்றால் கரையில் போடுங்கள், கடலில் வேண்டாம்.

ஈரத்துணியோடே கோயிலுக்கு வர வேண்டும். செல்போனை உள்ளே விடமாட்டார்கள், அறையிலேயே வைத்துவிடுங்கள். தீர்த்தமாடுவோரை எந்த வாசல் வழியாக விடுகிறார்கள் என்பதை அன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டத்துக்குத் தக்கபடி மாற்றுவார்கள். வரிசை மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி, சாவித்திரி, காயத்திரி, சரஸ்வதி என்று போய்க் கோடி தீர்த்தத்தில் முடியும். சேதுமாதவ தீர்த்தம் குளம். மற்றவை பெரும்பாலும் கிணறுகள். கவயம், கவாட்சம், நளன், நீலன் என்று வானர வீரர் பெயரிலேயே தீர்த்தங்கள் அடுத்தடுத்து வருவதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டே போனால் நடை அலுக்காது.

இந்தச் சேவையின் உயிர் இறைத்து ஊற்றுகிற ஆட்களிடம் இருக்கிறது. கிணற்றுச் சுவர்மேல் காலை அகட்டி நின்று, கயிற்றில் கட்டிய சிறிய வாளியை விட்டு, ஒரு சுண்டு சுண்டிக் கவிழ்த்து நிரப்பி, நாலே இழுப்பில் மேலே கொண்டுவந்துவிடுவார்கள். அந்தக் கைவேகம் பல வருஷப் பழக்கம். கூட்டம் இல்லாத நாளில் தலைக்கு ஒரு வாளி முழுசாக விழும். நெரிசலில் ஒரே வாளியைப் பத்துப் பேர்மேல் வீசி இறைப்பார்கள். பின்னால் நிற்பவருக்குத் தோள்தான் நனையும். அதனால் பத்துப் பேர் குழுவாகப் போனாலும் மூன்று நான்கு பேராகப் பிரிந்து சுவரை ஒட்டி நில்லுங்கள். குனிந்து உச்சந்தலையைக் காட்டுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள், தாலிச் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். முடியாதவர்கள், சளி பிடித்த குழந்தைகள் தெளித்துக்கொண்டாலே போதும், கேட்டால் தெளிப்பார்கள்.

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இந்தக் கிணறுகளில் குடிக்கத்தக்க தண்ணீர் எப்படி என்று வியக்காதவர் இல்லை. தீவு முழுக்க மணல். மழைநீர் நேரே உள்ளே இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கிணறு மேலே ஏறி நிற்கும். கோடையில் கயிறு நீளும், வாளிக்கு நேரமும் கூடும். தை மாத நடுவில், அமாவாசை இல்லாத ஒரு வேலைநாள் காலை 6 மணி வாக்கில் போவதே எங்கள் பரிந்துரை. அப்போது ஒரு மணி நேரத்தில் முடியும். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் அதே சுற்றுக்கு மூன்று மணி நேரமும் ஆகலாம்.

குறை என்று சொல்ல வேண்டியது தரை. வழவழப்பான கல்லில் 22 தீர்த்தத்தின் தண்ணீரும் நாள் முழுக்க ஓடுகிறது. ஒரு தீர்த்தத்திலிருந்து அடுத்ததற்கு ஓடுகிறவர்கள்தான் வழுக்கி விழுகிறார்கள். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டுங்கள். பெண்களுக்குப் பட்டும் வெளிர்நிறமும் வேண்டாம். அடர்நிறப் பருத்திச் சேலையோ துப்பட்டாவோடு சுடிதாரோ சரி. ஈரச் சேலை காலைக் கட்டும், ஒரு சாண் தூக்கிக் கட்டினால் நடக்கலாம்.

இரண்டாவது குறை உடை மாற்றும் இடம். ஈரத்துணியோடு சந்நிதிக்கு விடமாட்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் மாற்ற நிற்பதால் பெண்கள் பக்கம் எப்போதும் நெருக்கம். கோயில் பக்கத்திலேயே அறை எடுத்தால் அங்கே போய் மாற்றி வருவது நல்லது. இதை யோசித்து நேரத்தை வகுங்கள்: ஸ்படிக (பளிங்கு) லிங்க தரிசனம் வேண்டுவோர் அறையிலேயே குளித்து, உலர்ந்த துணியில் காலை 5 மணிக்கே போய்விடுங்கள். அது முடிந்து கடல், பிறகு தீர்த்தங்கள், மாற்றுத்துணி, ராமநாதர். நடை மதியம் 1 மணிக்குச் சாத்தி 3 மணிக்குத் திறக்கும். 11 மணிக்குமேல் தீர்த்தத்தில் இறங்கினால் தரிசனம் மாலைக்குத் தள்ளிப்போக வாய்ப்பு உண்டு.

வெளியே நிற்கும் வழிகாட்டிகள் “தனி வாளி, கூட்டம் இல்லாமல்” என்று தொகை பேசுவார்கள். வயதானவர்கள், பெரிய குடும்பங்களுக்கு ஓர் ஆள் உதவிதான். ஆனால் 22க்கும் சேர்த்துத் தலைக்கு எவ்வளவு என்று கடலில் இறங்குமுன்பே பேசி முடித்துவிடுங்கள். தர்ப்பணத்துக்கும் அப்படியே. எள், தர்ப்பை, அரிசி, தட்சணை எல்லாம் சேர்த்தா, தனித்தனியா என்று கேளுங்கள். கோத்திரத்தையும் மூன்று தலைமுறைப் பெயர்களையும் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். கரையில் நின்று கொள்ளுப்பாட்டி பெயருக்காக ஊருக்குப் போன் போடுவதைத் தவிர்க்கலாம்.

அமாவாசை தர்ப்பணம் மட்டும்தான் நோக்கம் என்றால் தீவுக்குள்ளேயே வர வேண்டியதில்லை. ராமநாதபுரத்தை அடுத்த திருப்புல்லாணியிலிருந்து 4 கிலோமீட்டரில் சேதுக்கரை, ராமநாதபுரத்துக்கு வடக்கே தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவக்கிரகக் கற்கள் நிற்கும் நவபாஷாணம், இரண்டும் அதே பலன் சொல்லப்படும் துறைகள். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் மட்டும் முழுகாதீர்கள். இரு கடலும் சேரும் இடம், நீரோட்டம் ஆளை இழுக்கும். காலை நனைத்துக்கொண்டு திரும்புங்கள்.

கடைசித் தீர்த்தமான கோடிக்கு, இறுக மூடும் சிறு பாட்டில் ஒன்று இடுப்பில் இருக்கட்டும். ராமர் வில்லின் நுனியால் ஊன்றி வந்த நீர் என்பதால் வீட்டுக்கு எடுத்துப்போவது இதைத்தான். ஊற்றுகிறவரிடம் முதலில் பாட்டிலை நீட்டி நிரப்பிக்கொண்டு, பிறகு தலையைக் காட்டுங்கள்.