கீழ் முதுகில் விரிசலா, நழுவலா? எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ: எது எதற்கு?

வேகப்பந்து வீசும் 16 வயதுப் பையன், பின்னால் வளையும்போதெல்லாம் கீழ் முதுகில் ஒரு பக்கம் மட்டும் சுரீர் என்று வலிக்கிறது என்கிறான். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, தசைப்பிடிப்புதான் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான், ஏனென்றால் எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதாலேயே விரிசல் இல்லை என்று ஆகிவிடாது.

பெரும்பாலும் அடிபடுவது எல்5, அதாவது கீழ் முதுகின் கடைசி முள்ளெலும்பின் பின்பக்கம், மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கிற ஒல்லியான பகுதி. திரும்பத் திரும்ப அழுத்தம் விழும்போது அந்த எலும்புக்குள் முதலில் நீர் கோத்துக்கொள்கிறது, கோடு விழுவது அதற்கு அப்புறம்தான். இந்த ஆரம்பக் கட்டம் எக்ஸ்ரேயில் தெரியாது, சிடியிலும் தவறிப்போகலாம். எம்ஆர்ஐயில், அதுவும் கொழுப்பை அடக்கி எடுக்கும் ஸ்டிர் படங்களில், பளிச்சென்று தெரியும். கதிர்வீச்சும் இல்லை. விளையாடுகிற பிள்ளைகளுக்கு என் ஓட்டு இதற்குத்தான்; இந்தக் கட்டத்திலேயே ஓய்வு கொடுத்தால் எலும்பு ஒட்டிக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது.

சரி, சிடி எதற்கு? விரிசல் பாதியா முழுசா, ஓரங்கள் மழுங்கிப் பழசாகிவிட்டதா, ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பார்க்க அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வளரும் உடம்பில் கதிர்வீச்சு பாய்வதால், சந்தேகப்படும் இடத்துக்கு மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்தி எடுக்கும் ஸ்பெக்ட் ஸ்கேன் எலும்பின் சுறுசுறுப்பைக் காட்டும், ஆனால் அதிலும் கதிர்வீச்சு உண்டு. எம்ஆர்ஐ கிடைக்கும்போது ஸ்பெக்ட்டை முதலில் தேட வேண்டியதில்லை.

நழுவல், அதாவது ஒரு முள்ளெலும்பு கீழே உள்ளதன் மேல் முன்னால் நகர்வது என்றால் கணக்கே மாறுகிறது. எம்ஆர்ஐ பொதுவாகப் படுத்த நிலையில் எடுப்பது, அப்போது சிலருக்கு எலும்பு தன் இடத்துக்கே திரும்பி நழுவல் குறைவாகத் தெரியும். நின்றபடி பக்கவாட்டில் எடுத்த சாதாரண எக்ஸ்ரே இங்கே ஜெயிக்கிறது. கீழே உள்ள எலும்பின் முன்-பின் அகலத்தில் 25% வரை முன்னால் நகர்ந்திருந்தால் முதல் நிலை, 50% வரை இரண்டாவது, 75% வரை மூன்றாவது, அதற்கும் மேல் நான்காவது, முழுதாக விலகி விழுந்தால் ஐந்தாவது. கால் மரத்துப்போகிறது, நரம்பு நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்றால் மறுபடியும் எம்ஆர்ஐதான்.

வயதானவர்களுக்கு விரிசலே இல்லாமல், மூட்டுத் தேய்மானத்தால் எல்5க்கு மேலே உள்ள எல்4 நழுவுவது சகஜம். விரிசல் இருந்தும் வலியே தெரியாமல் வாழ்கிற பெரியவர்களும் நிறைய, ஆகவே ஸ்கேனில் ஒரு பழைய கோடு தெரிந்த உடனே ஆபரேஷன் பேச்சுக்குத் தலையாட்டிவிடாதீர்கள், வலியும் அந்த இடமும் ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ மட்டும் எந்த ஸ்கேன் என்று யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.