மூன்றாம் பேஸ் ஃபீல்டிங்கை எண்களில் அளப்பது: பல சீசன்கள் பழகிய அனுபவம்

பேஸ்பாலில் மூன்றாம் பேஸைக் காத்து நிற்பவருக்கு யோசிக்க நேரமே கிடையாது. வலக்கை ஆட்டக்காரர் இழுத்து அடித்தால் பந்து மணிக்கு நூறு மைல் வேகத்தில் நெஞ்சுக்கு நேரே வரும். அதைப் பாய்ந்து பிடித்து, எழுந்து, முதல் பேஸுக்கு எறிய வேண்டும். பேஸிலிருந்து பேஸுக்கு அளந்தால் 127 அடி. அடுத்த பந்து பன்ட்டாக, அதாவது மட்டையால் மெல்லத் தட்டி உருளவிட்டதாக இருக்கலாம். அப்போது முன்னால் ஓடிவந்து வெறுங்கையால் அள்ளி, ஓட்டம் நிற்காமலே வீச வேண்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இந்த வேலைகளை எண்ணால் அளக்க முடியுமா என்ற ஆவலில்தான் பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஃபீல்டிங் புள்ளிவிவரங்களோடு பழகி வருகிறேன்.

எல்லோரையும் போல நானும் ஃபீல்டிங் சதவீதத்தில்தான் தொடங்கினேன். புட்அவுட்டையும் (தானே முடித்த அவுட்) அசிஸ்டையும் (எறிந்து உதவிய அவுட்) கூட்டி, எரரும் (கையாளும்போது செய்த தவறு) சேர்ந்த மொத்த வாய்ப்புகளால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு கோடிகளில் இது பொய் சொல்வதில்லை. 1974இல் டான் மனி சீசன் முழுவதிலும் செய்த எரர் 5, சதவீதம் .989 (நூற்றுக்கு 98.9). 1978இல் முழங்கையில் எலும்புத் துணுக்குகளோடு ஆடிய புட்ச் ஹாப்சன் 43 எரர்கள் செய்து .899க்கு இறங்கினார். இவர்களைப் பிரித்துக் காட்ட வேறு அளவுகோல் தேவையில்லை. தொல்லை நடுவில் இருப்பவர்களிடம்தான். எட்டாத பந்து எரராக எழுதப்படுவதே இல்லை. எரர் குறைவு என்பதற்காக ஒருவரை என் பட்டியலின் உச்சியில் இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தேன். பிறகு அவருடைய ஆட்டங்களைத் தொடர்ந்து உட்கார்ந்து பார்த்தபோது, இடப்பக்கம் வந்த பந்துகள் அவரைத் தாண்டி லெஃப்ட் ஃபீல்டுக்குப் போய்க்கொண்டே இருந்தன. அவர் பாயவே இல்லை. பாயாதவர் தவறவிடுவதும் இல்லை.

இந்த ஓட்டையை அடைக்க 1970களில் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் முன்வைத்ததுதான் ரேஞ்ச் ஃபேக்டர். எரரை விட்டுவிட்டு, ஓர் ஆட்டத்துக்கு எத்தனை அவுட்டில் பங்கெடுத்தார் என்று எண்ணுவது. கிரெய்க் நெட்டில்ஸ் 1971இல் எடுத்த 412 அசிஸ்ட் இந்தக் கண்ணால் பார்த்தால் மலைக்க வைக்கும். அந்த இடத்தில் அதை இன்னும் யாரும் தாண்டவில்லை. ஆனால் இந்த எண் வீரரை மட்டும் அளப்பதில்லை, அவருடைய பந்துவீச்சாளர்களையும் சேர்த்தே அளக்கிறது. தரையோடு உருள வைக்கும் பிட்சர்கள் இருந்தால் ஏறும். இடக்கை பிட்சர்கள் அதிகமானால் எதிரில் வலக்கை ஆட்டக்காரர்கள் வருவார்கள், மூன்றாம் பேஸ் பக்கம் பந்து கூடும். பந்தை ஆட்டத்துக்குள் அடிக்காமலே ஆட்டக்காரர் வெளியேறும் ஸ்ட்ரைக்அவுட் பெருகினால் எல்லோருக்கும் இறங்கும். அன்று ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு ஐந்து சொச்சம் ஸ்ட்ரைக்அவுட். இன்று எட்டுக்கு மேல். வெவ்வேறு காலத்தவரை ஒப்பிட இதை நான் எடுப்பதை நிறுத்திப் பல நாளாகிறது.

அடுத்து வந்தவை மிட்செல் லிச்ட்மனின் யூ.இசட்.ஆரும் ஜான் டெவன் குழுவின் டி.ஆர்.எஸ்ஸும். (கிரிக்கெட்டில் நடுவர் தீர்ப்பை மறுபரிசீலிக்கும் டி.ஆர்.எஸ். வேறு, இது ‘தடுப்பாட்டத்தால் மிச்சப்படுத்திய ரன்’.) ஒவ்வொரு பந்தும் எங்கே, எவ்வளவு வேகத்தில் அடிக்கப்பட்டது, அப்படிப்பட்ட பந்தை மற்ற மூன்றாம் பேஸ்மேன்கள் எத்தனை முறை அவுட்டாக்கினார்கள் என்று பார்த்து ரன்னில் கணக்குச் சொல்பவை. பழகிய முதல் சில ஆண்டுகள் இவற்றை அப்படியே நம்பினேன். நம்பிக்கை ஆட்டம் கண்டது 2012இல். டொரான்டோவின் பிரெட் லாரி சீசனின் தொடக்கத்திலேயே டி.ஆர்.எஸ். பட்டியலில் நம்ப முடியாத உயரத்தில் நின்றார். காரணம், இடக்கை ஆட்டக்காரர்கள் வரும்போது அணி ஷிஃப்ட் போட்டு, அதாவது வழக்கமான இடங்களை மாற்றி, அவரை வலப்பக்கம், ரைட் ஃபீல்டின் முன்புல்வெளியில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே அவர் எடுத்த அவுட்டை எல்லாம் ‘எந்த மூன்றாம் பேஸ்மேனும் எட்டாத பந்து’ என்று கணக்கு வாரி வழங்கியது. பிறகு ஷிஃப்ட் பந்துகளைக் கழித்துத் திருத்தினார்கள். 2020இல் வந்த மாற்றத்தில் நிற்கும் இடத்தின் பலனைத் தனியே பிரித்து அணியின் கணக்கில் சேர்த்தார்கள். லாரி நல்ல ஃபீல்டர்தான், அதில் ஐயமில்லை. ஆனால் எண் திகைக்க வைத்தால் முதலில் அவர் எங்கே நின்றார் என்று பார்க்க வேண்டும் என்பதை அவருடைய சீசன்தான் எனக்குக் கற்றுத்தந்தது.

இன்று நான் முதலில் திறப்பது, பந்தையும் வீரர்களையும் பின்தொடர்ந்து அளக்கும் ஸ்டேட்காஸ்ட் தரும் ஓ.ஏ.ஏ., அதாவது சராசரிக்கு மேல் எடுத்த அவுட்கள். பேஸ்களை ஒட்டி நிற்கும் இன்ஃபீல்டர்களுக்கு இது 2020இல் வெளியானது. 2016 வரை பின்னோக்கிப் பார்க்கலாம். வீரர் நின்ற இடத்திலிருந்து பந்தை மறிக்க எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், அங்கிருந்து பேஸுக்கு எவ்வளவு தூரம், ஓடுபவரின் வேகம் என்ன என்பதை வைத்து அவுட்டாகும் வாய்ப்பைச் சொல்கிறது. 60 சதவீத வாய்ப்புள்ள பந்தை அவுட்டாக்கினால் 0.40 ஏறும், விட்டால் 0.60 இறங்கும். இதில் எனக்குப் பிடித்தது திசைவாரிப் பிரிப்பு. முன்னால் ஓடிவருவது, இடப்பக்கம், வலப்பக்கம் எல்லாம் தனித்தனியே தெரியும். கோட்டோரம் கில்லாடியாக இருப்பவர் பன்ட்டுக்கு ஓடிவருவதில் சராசரியாக இருப்பதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

ஆனால் மூன்றாம் பேஸுக்கே உரிய ஒரு குறை இதில் உண்டு. ஃபௌல் கோட்டை (ஆடுகளத்தின் ஓர எல்லை) ஒட்டிப் போகும் பந்தை விட்டால் அது பெரும்பாலும் டபுள், அடித்தவருக்கு இரண்டு பேஸ். இடப்பக்க இடைவெளியில் விட்டால் சிங்கிள், ஒரே பேஸ். ஓ.ஏ.ஏ. இரண்டையும் ஓர் அவுட் என்றே எண்ணி, ரன்னாக மாற்றும்போதும் இன்ஃபீல்டர்கள் எல்லோருக்கும் அவுட்டுக்கு 0.75 என்று ஒரே விகிதம் வைக்கிறது. டி.ஆர்.எஸ். ஓரத்து இன்ஃபீல்டர்களுக்கு (முதல், மூன்றாம் பேஸ்) இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கிறது. ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் படிப்பேன். ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அந்த வீரரின் கோட்டோரப் பந்துகளைத் தேடிப் பார்ப்பேன். பாதி நேரம் விடை அங்கேதான் கிடைக்கும்.

பொறுமை இல்லாதவர்கள் இந்த எண்களைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. புரூக்ஸ் ராபின்சன் மூன்றாம் பேஸில் 2,870 ஆட்டங்கள் ஆடினார். அவருக்கு வந்த வாய்ப்புகள் 9,165. ஆட்டத்துக்கு மூன்று சொச்சம். அதிலும் பெரும்பாலானவை யாரும் அவுட்டாக்கும் பந்துகள். ஒரு வீரரை இன்னொருவரிடமிருந்து பிரிக்கும் கடினமான பந்துகள் ஒரு சீசனில் கொஞ்சமே வரும். நாலைந்து பந்து அப்படி இப்படி எகிறினால் ஆண்டின் கணக்கே மாறிவிடும். ஒரே சீசனை வைத்து யாரையும் புகழ்வதையும் ஏசுவதையும் விட்டுவிட்டேன். மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் எண் நிலைக்கிறது. விருதுகளும் இப்போது எண்ணை நெருங்கி வருகின்றன. 2013 முதல், சிறந்த ஃபீல்டர்களுக்கான கோல்ட் குளோவ் தேர்வில் நான்கில் ஒரு பங்கு புள்ளிவிவரத்துக்கு. நோலன் அரெனாடோ 2013 முதல் 2022 வரை தொடர்ந்து பத்து வாங்கினார். 2023இல் அது கி'பிரையன் ஹேய்ஸுக்குப் போனபோது, அவருடைய எண்களைச் சில ஆண்டுகளாகப் பார்த்து வந்த எனக்கு வியப்பே இல்லை.

பழைய ஆட்டங்களைப் பார்க்கும்போதுதான் ஏக்கம் வருகிறது. 1970 வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டத்தில் ராபின்சன் தன் முதல் வாய்ப்பிலேயே எரர் செய்தார். ஆறாவது இன்னிங்ஸில் லீ மே அடித்த பந்தை மூன்றாம் பேஸுக்குப் பின்னால் புறங்கை வாக்கில் பிடித்து, ஃபௌல் பகுதிக்குள் போய்விட்ட நிலையில் உடலைத் திருப்பி எறிந்து அவுட்டாக்கினார். அந்தத் தொடரின் சிறந்த வீரரும் அவரே. எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும், அந்தப் பந்துக்கு ஸ்டேட்காஸ்ட் எத்தனை சதவீதம் வாய்ப்புத் தந்திருக்கும் என்று மனம் கணக்குப் போடுகிறது. ஸ்கோர் கார்டில் அதற்குக் கிடைத்தது ஒரு அசிஸ்ட். நேராகக் கைக்கு வந்து விழும் பந்துக்கும் அதேதான்.