வவ்வால் மீனை அடையாளம் காண: கண்ணா, டிஎன்ஏவா?

மீன் கடையில் கருப்பு வவ்வாலும் வெள்ளை வவ்வாலும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். பெயரைக் கேட்டால் அண்ணன் தம்பி என்றுதான் தோன்றும். கருப்பு வவ்வாலை எடுத்து, வால் தொடங்கும் ஒடுங்கிய இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். சொரசொரவென்று ஒரு சின்ன மேடு தட்டும். பாரை மீனுக்கு இருக்கிற அதே கெட்டிச் செதில் வரிசைதான். ஏனென்றால் கருப்பு வவ்வால் பாரைக் குடும்பத்து மீன். வெள்ளை வவ்வாலில் அந்த இடம் வழவழவென்றிருக்கும். அது வேறு குடும்பம். ஒரு விரல் போதும், டிஎன்ஏ வேண்டியதே இல்லை.

சிக்கல் வெள்ளை வவ்வாலுக்குள்தான். ஒன்றுக்கொன்று நெருங்கிய பல இனங்கள். துடுப்பின் நீளம் வளர வளர மாறும், செதில் தொட்டாலே உதிரும். நம் கடல் வெள்ளை வவ்வாலை வெகுகாலம் ‘பாம்பஸ் அர்ஜென்டியஸ்’ என்ற அறிவியல் பெயரிலேயே எழுதிவந்தோம். அது 1788-இல் சீனக் கடற்கரை மீனுக்கு வைத்த பெயர். 2019-இல் இந்திய ஆய்வாளர்கள் உருவத்தையும் டிஎன்ஏவையும் சேர்த்துப் பார்த்து, நம்முடையது தனி இனம் என்று காட்டி, குவியே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் 1829-இல் வைத்த ‘கேண்டிடஸ்’ என்ற பெயரை மீட்டார்கள். கண்ணை மட்டும் நம்பியிருந்தால் இது இன்னும் இழுத்திருக்கும்.

டிஎன்ஏ முறையில் நகத்தளவு சதை போதும். சிஓஐ என்ற மரபணுவில் சுமார் 650 டிஎன்ஏ எழுத்துகளைப் படித்து, சேமித்து வைத்த வரிசைகளோடு ஒப்பிடுவார்கள். 2003-இல் கனடாவின் பால் ஹெபர்ட் குழு முன்வைத்த வழி இது. தலை போன துண்டு, முட்டை, குஞ்சு எல்லாவற்றுக்கும் இதை விட்டால் வழி குறைவு.

ஆனால் அந்தச் சேமிப்பிலேயே வவ்வால் வரிசைகள் பல தப்பான பெயரில் கிடக்கின்றன. மீனைச் சரியாகப் பார்க்காமல் யாரோ பெயரிட்டு ஏற்றியிருப்பார்கள். இயந்திரம் அதே தப்பை நமக்கும் சொல்லும். இன்னொன்று, இந்த மரபணு தாய்வழி மட்டுமே வருவது. கலப்பு மீனைக் கொடுத்தால் தாயின் இனத்தைத்தான் காட்டும்.

என் தேர்வு இதுதான்: முழு மீன் கையில் இருந்தால் முதலில் கண், விரல், துடுப்புக்கதிர் (துடுப்பைத் தாங்கும் முள்) எண்ணிக்கை. சந்தேகம் வந்தால் டிஎன்ஏ. அப்போது மீனை அழுகாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் போடுவதற்கு முன்பே சதையை வெட்டி எத்தனாலில் வையுங்கள், ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். அப்புறம், மீதி மீனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெயரில் தகராறு வந்தால் அதைத்தான் திரும்ப எடுத்துப் பார்க்கவேண்டும்.