மிதவையா, ரேடாரா? கடற்பணிக் கப்பலுக்கு அலையை அளந்து சொல்வது எது

சிங்கப்பூரின் லோயாங், துவாஸ் துறைகளிலிருந்து தென்சீனக் கடலின் எண்ணெய் மேடைகளுக்குச் செல்லும் துணைக்கப்பல்களில், ஆட்களை மேடைக்கு ஏற்றலாமா, கிரேனால் சரக்கைத் தூக்கலாமா என்பதை அந்த நேரத்து அலைதான் தீர்மானிக்கிறது. முன்னறிவிப்பு அடுத்த நாளைத் திட்டமிட உதவும். தூக்கும் கணத்தில் வேண்டியது அதே இடத்தின் அளவீடு. அதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன: அலை அளக்கும் மிதவை, கப்பலின் எக்ஸ் பேண்ட் ரேடார் (குறுகிய வானொலி அலைகளை அனுப்பி, திரும்பும் எதிரொலியைப் படிக்கும் கருவி).

மிதவை அலையோடு ஏறி இறங்கும்போது அதனுள் இருக்கும் முடுக்கமானி பதியும் அசைவிலிருந்து உயரம் கணக்கிடப்படுகிறது. உயரத்தைப் பொறுத்தவரை நான் மிதவையையே நம்புவேன். ஆனால் அது நங்கூரமிட்ட ஓரிடத்தின் நிலையை மட்டுமே சொல்லும். கப்பல் நெரிசல் மிகுந்த சிங்கப்பூர் நீரிணையில் எந்தக் கப்பலும் அதன் மீது மோதிவிடக்கூடும்.

ரேடார் கப்பலோடு பயணித்து, சுற்றிலும் சில கிலோமீட்டர் பரப்பில் அலைகளின் திசையையும் காலத்தையும் (ஒரு முகடுக்கும் அடுத்த முகடுக்கும் இடையிலான நேரம்) மேற்பரப்பு நீரோட்டத்தையும் காட்டுகிறது. எனினும் அது உயரத்தை நேரடியாக அளப்பதில்லை, எதிரொலியின் வலிமையிலிருந்து மதிப்பிடுகிறது. ஆகவே மிதவையோடு ஒப்பிட்டுச் சரிசெய்யப்படாத ரேடாரின் உயர எண்ணை நம்பி ஆளை ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை. மேலும், காற்று வினாடிக்கு ஏறத்தாழ 3 மீட்டருக்குக் குறைந்தால் நீர்ப்பரப்பில் சிற்றலை எழாது, எதிரொலியும் கிடைக்காது. பருவமாற்ற மாதங்களில் காற்று ஓய்ந்திருக்க, தொலைவிலிருந்து வரும் நெடிய அலை மட்டும் கப்பலை உருட்டும்போது, அதை மிதவை காட்டும், ரேடார் தவறவிடக்கூடும்.

சுமத்ரா சூறைக்காற்றில் இரண்டுமே தடுமாறுகின்றன. மிதவை பொதுவாக 20 அல்லது 30 நிமிடப் பதிவைத் தொகுத்தே உயரத்தைச் சொல்கிறது, சூறையோ சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. கனமழை ரேடாரின் எதிரொலியை மறைத்துவிடுகிறது. அப்போது மழைமேகம் காட்டும் வானிலை ரேடாரைப் பார்த்து, வேலையை முன்கூட்டியே நிறுத்துவதே சரி.

பல மாதங்கள் ஒரே இடத்தில் நடக்கும் பணிக்குத் திசையும் அளக்கும் மிதவையே மேல்; இடம் மாறிக்கொண்டே இருக்கும் கப்பலுக்கு, சரிசெய்யப்பட்ட ரேடார். டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை, வடகிழக்குப் பருவக்காற்று எழுப்பும் அலையும் தொலைவிலிருந்து வரும் அலையும் கலந்திருக்கும் காலத்தில், செலவானாலும் இரண்டையும் வைத்திருக்க வேண்டும் என்பேன். எதை வாங்கினாலும், பணி அனுமதித் தாளில் 'அலை உயரம் 1.5 மீட்டர் வரை' என்று மட்டும் எழுதுவது போதாது. அந்த எண் உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. தனி அலை அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு எழலாம். அதே உயரமுள்ள அலை, கப்பல் ஒருமுறை உருண்டு மீளும் காலத்தோடு ஒத்துப்போய்ப் பக்கவாட்டில் வந்தால் கிரேனில் தொங்கும் சுமை பெரிதாக ஊசலாடும் என்பதால், அலையின் காலத்துக்கும் திசைக்கும் தனித்தனி வரம்புகள் அத்தாளில் இடம்பெற வேண்டும்.