சுவரில் படம்: ஈரச் சுண்ணாம்பா, அக்ரிலிக்கா?

பழைய சுண்ணாம்புக் கட்டு வீட்டின் கூடத்துச் சுவரில் படம் எழுத எனக்கு மூன்று வழி இருந்தது. ஈரச் சாந்தின்மேல் வெறும் தண்ணீரில் குழைத்த நிறத்தைத் தீட்டும் ஃப்ரெஸ்கோ, காய்ந்த பூச்சின்மேல் பசை கலந்து தீட்டுவது, பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்து அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக் பிசின் கலந்த வண்ணம். நான் ஃப்ரெஸ்கோ பக்கம் போனவன். அலசலும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

அக்ரிலிக்கின் வசதி எல்லோருக்கும் தெரிந்தது. எந்த நிறமும் கடையில் கிடைக்கும், பிடிக்காததை மறைத்து மேலே எழுதலாம். சிமெண்ட் பூசிய அடுக்குமாடி வீடா? இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

சுண்ணாம்புச் சுவரில் கதை வேறு. தரையிலிருந்து ஓதம் ஏறும். அந்த ஈரம் பூச்சு வழியாகவே வெளியேறும். அக்ரிலிக் அதன்மேல் பிளாஸ்டிக் தோல் மாதிரி மூடிக்கொள்கிறது. ஈரம் பின்னால் தேங்கி, உப்பு பூத்து, படம் கொப்புளித்து ஏடு ஏடாக உரியும். உரிந்த இடத்தை ஒட்டுப் போட்டால் அடுத்த மழைக்குப் பக்கத்தில் கிளம்பும். நான் முடிவெடுத்தது இந்தப் பராமரிப்பை வைத்துத்தான்.

ஃப்ரெஸ்கோவில் அப்படித் தனித்தோல் கிடையாது. சாந்து காயக் காய, சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து மறுபடி கல்லாக இறுகும். நிறத்தூளும் அதற்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஈரம் வழக்கம்போல வந்து போகலாம். லேசாக உப்பு பூத்தால் காய்ந்த மென்தூரிகையால் தட்டிவிட்டால் போதும். ஓதம் கடுமை என்றால் சாந்தே பொரிந்துவிடும். அங்கே முதல் வேலை ஓதத்தை நிறுத்துவது, படம் அப்புறம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் 1931இல் வரலாற்றுப் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்த, ஃப்ரெஸ்கோ என்று கருதப்படும் சோழர் ஓவியங்கள், நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் இருந்தவை. மேல்பூச்சு உதிர்ந்த இடங்களில்தான் அவை எட்டிப் பார்த்தன. மாறாக, இத்தாலியின் மிலனில் லியொனார்டோ டா வின்சி காய்ந்த சுவரில் தீட்டிய ‘கடைசி இராவுணவு’ அவர் காலத்திலேயே உதிரத் தொடங்கிவிட்டது. பசை கலந்து தீட்டும் வழியை நான் ஒதுக்கியதற்கு இது ஒன்றே போதும். ஆனால் சுண்ணாம்போடு ஒத்துப்போகாத சில நீலங்களுக்கு அந்த வழிதான்.

ஃப்ரெஸ்கோ சுலபமில்லை. அன்றைக்குத் தீட்டி முடிக்கிற அளவுக்கே சாந்து பூச வேண்டும். சில மணி நேரத்தில் நிறம் பிடிப்பது நின்றுவிடும். தப்பினால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூசவேண்டியதுதான். காவி, மஞ்சள் காவி, பச்சை மண், கரி, சுண்ணாம்பு வெள்ளை என்று நிறமும் குறைவு. எனக்கு அது குறையாகப் படவில்லை, சுவரே அந்த நிறங்களில்தானே இருக்கிறது! சுண்ணாம்பை மாதக்கணக்கில் ஊறவைக்கப் பொறுமையுள்ள கொத்தனார் கிடைப்பதுதான் கஷ்டம். “கொஞ்சம் சிமெண்ட் போட்டுக்கலாமா சார்?” என்று கேட்டால் சம்மதிக்காதீர்கள், அதிலிருந்தும் உப்பு வரும்.

நான் சொல்வதெல்லாம் உள்சுவருக்கு. மழைச்சாரல் நேராக அடிக்கும் வெளிச்சுவரில் நான் தீட்டியதில்லை; அங்கே இதே உறுதியோடு சொல்லமாட்டேன்.